ஆஃப் பண்ணாத

ஷட்டரைத் தூக்கியதும் குளிர்ந்த இரும்பின் வாசனை முகத்தில் அடித்தது. துரு, எலிப்புழுக்கை, காய்ந்த பெயின்ட், இவற்றுக்கெல்லாம் அடியில் லேசாகக் கிராம்பு.

பொன்னி வாசலிலேயே நின்றாள்.

"இன்னாக்கா, பாம்பு கீம்பு எதுனா?" என்று பின்னாலிருந்து கேட்டான் அவள் தம்பி கோபி.

"ஒண்ணும் இல்ல. வா."

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது பரசுராமனின் கிரில் பட்டறை. பெயின்ட் அடிக்கிற வேலைக்கு வந்து, கிரைண்டர் பிடித்து, பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு, பொன்னி தன் வாழ்க்கையின் பாதியை இங்கேதான் கழித்திருந்தாள். பரசுராமன் இறந்த பிறகு பட்டறை பூட்டிக் கிடந்தது. இப்போது அவருடைய மனைவி ரேணுகாம்பாள் அதைப் பொன்னிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். ஆசிரமத்துப் பக்கம் கட்டுகிற ஒரு விடுதிக்கு இரும்புப் படிக்கட்டு செய்து தர வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்குள் மாட்டியாக வேண்டும். பொன்னி தன் பெயரில் பிடித்த முதல் வேலை அது.

சாவியைக் கொடுக்கும்போது ரேணுகாம்பாள் சொன்னாள்: "மிஷின் நல்லாத்தான் இருக்குதும்மா. வாரத்துக்கு ஒரு வாட்டி நானே வந்து ஆன் பண்ணி வுடுவேன்."

ஈரத்தில் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று பொன்னி நினைத்துக்கொண்டாள்.

பரசுராமன் குள்ளமான ஆள். கத்துகிற மனிதர் இல்லை. கிராம்பை மென்றுகொண்டே வருவார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'த்ச்' என்பார். கையிலிருக்கும் சின்னச் சுத்தியலால் பக்கத்து இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான், பட்டறையில் ஒருவருக்கும் வாய் திறக்காது. அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. காலையில் போட்ட வெல்டிங் மிஷினை மாலைவரை அணைக்கக் கூடாது. ஓர் இடத்தைப் பற்றவைத்து முடித்து அடுத்த இடத்துக்குப் போனாலும், பற்றவைக்கிற ராடை மாற்றினாலும், டீ குடித்தாலும், மழையே பெய்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "ஆஃப் பண்ணாத. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி நின்னா வேலை எப்ப முடியறது?"

அந்தச் சட்டம்தான் பொன்னியின் புருஷன் திருமலையின் இடுப்பை உடைத்தது. ஒரு மாடியில், தூறலில், சாரத்தில் நின்றபடி "ராடு மாத்தறேன், கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க மொதலாளி" என்று கேட்டான் திருமலை. கீழேயிருந்து 'த்ச்' என்று மட்டும்தான் பதில் வந்தது. ஈரக் கையில் ஷாக் அடித்து விழுந்தான். கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார் பரசுராமன். இப்போது திருமலை தடி ஊன்றி நடக்கிறான். கிரிவலப் பாதையில் சின்னக் கடை போட்டுக் கற்பூரமும் விளக்கும் விற்கிறான்.

அப்புறம் அதே சட்டம் பரசுராமனையும் கொண்டுபோனது. மிஷினை ஓடவிட்டு, ராடு மாட்டுகிற ஹோல்டரை நனைந்த இரும்பின் மேல் போட்டுவிட்டு, அந்த இரும்பைத் தாண்டி டீ டம்ளரை எடுக்கக் குனிந்தார். நெஞ்சுவலி என்றார்கள். பட்டறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் முதல் நாளே பொன்னி தம்பியிடம் சொல்லிவிட்டாள். "ஒரு எடம் முடிஞ்சா ஆஃப். அடுத்த எடத்துல ராட வெச்சப்புறம்தான் ஆன். ஹோல்டர் இரும்பு மேல படவே கூடாது. அதோ, அந்த மரக் கட்டையிலதான் மாட்டணும்."

"நேரம் ஆவும்க்கா."

"ஆவட்டும்."

படிக்கட்டின் நீண்ட சட்டத்தைப் பட்டறையின் நடுவில் கிடத்தி அன்றே வேலையைத் தொடங்கினார்கள். முதல் இணைப்பு அழகாக வந்தது. பொன்னி சுவரருகே போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். உறுமல் அடங்கியது. திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து, பற்றவைத்த இடத்தின் கசடைத் தட்டத் தொடங்கினாள்.

ம்ம்ம்ம்ம்.

முதலில் தன் காதுக்குள்தான் கேட்கிறது என்று நினைத்தாள். பிறகு உள்ளங்காலில் தரை அதிர்வது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடி மேலே இருந்தது.

"கோபி, சுவிட்ச ஏன்டா தொட்ட?"

அவன் வெளியே, சாலை ஓரத்தில், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பழைய சுவிட்ச், ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். கைப்பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. கட்டுக்கம்பியால் அதைக் கீழே சேர்த்துக் கட்டினாள்.

அன்று மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது கம்பி தரையில் கிடந்தது. அறுபடவில்லை. யாரோ பொறுமையாக முறுக்கைப் பிரித்து, நீட்டி, நேராக்கி வைத்ததுபோல இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தகரம் கை வைக்க முடியாத சூட்டில் கொதித்தது.

அதன் பிறகு ஒவ்வொரு இணைப்பும் ஒரு சண்டையானது. அவள் அணைப்பாள். முதுகைத் திருப்புவாள். அது உறுமும். சில சமயம் உடனே, சில சமயம் அவள் மறந்தே போன பிறகு. அவள் எழுந்து போய் மறுபடியும் அணைப்பாள். ஒவ்வொரு முறையும் கைப்பிடி கொஞ்சம் கூடுதலாக இறுகியிருக்கும், மறுபக்கத்திலிருந்து ஒரு கை அதை மேலே தள்ளிப் பிடித்திருப்பதுபோல.

கிராம்பு வாசனை இப்போது லேசாக இல்லை.

மழை வலுத்த ஒரு பகலில் கோபி சாப்பாடு வாங்கப் போயிருந்தான். பொன்னி படிக்கட்டின் கடைசிக் கைப்பிடிக் குழாயைப் பற்றவைத்து, சுவிட்சை இழுத்து, ஹோல்டரை மரக் கட்டையில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கோபி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் பொட்டலம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தான். கிடத்தியிருந்த படிக்கட்டுச் சட்டத்தைத் தாண்ட வேண்டும். ஊன்றிக்கொள்வதற்காக இன்னொரு கையைக் குழாயின் பக்கம் நீட்டினான்.

குழாயின் மேல் ஹோல்டர் கிடந்தது.

தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

பொன்னி கத்தவில்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டு அதைப் பிடித்துவிடுவான் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. பக்கத்திலிருந்த பலகையை எடுத்து அவன் மார்பில் வைத்துத் தள்ளினாள். மல்லாக்க விழுந்தான். சாப்பாடு சிதறியது. பொட்டலத்தில் இருந்த சாம்பார் குழாயின் மேல் ஓடி, ஹோல்டரைத் தொட்ட இடத்தில் சுர்ரென்று நீலமாகப் பொரிந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணுன்னு என்ன திட்டிட்டு," என்றான் கோபி. "நீயே ஆஃப் பண்ணலியேக்கா."

பட்டறையின் இருட்டு மூலையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டங். டங்.

பிறகு, மிக அருகில், 'த்ச்'.

கோபி செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான்.

அன்று மாலை கடையில் திருமலை விளக்குகளை அடுக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டான். மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. பாதையில் சாமியார் ஒருவர் குடை பிடித்துப் போனார். கேட்டு முடித்ததும் அவன் சிரித்துவிட்டான். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"மனுசன் செத்தும் ஆஃப் பண்ண வுடல பாரு."

"சிரிக்காதீங்க."

"சரி. நீ அங்க போவாத பொன்னி. மிச்ச வேலைய வேற எங்கனா எடம் கேட்டு முடிச்சுக்கலாம்."

"அவ்ளோ பெரிய சட்டத்த எங்க தூக்கிட்டுப் போறது? அதுக்கு மேல, நான் ஏன் போவணும்? வாடகை குடுத்து இருக்கிறது நானு. அவரு போவட்டும்."

"பேய்க்கு வாடகை கணக்கு தெரியுமா?"

"பேயோ பூதமோ. உங்க இடுப்ப உடைச்சப்பவும் நான் அந்தச் சத்தத்துக்கு அடங்கித்தான் போனேன். கொழம்பு வெக்கணும், மருந்து வாங்கணும், வேலை வேணும். இப்ப எதுக்கு அடங்கணும்?"

திருமலை விளக்கு ஒன்றைத் துடைத்து வைத்தான். "ரப்பர் செருப்பு போட்டுக்க," என்றான் கடைசியில். "கையுறை கிழிஞ்சிருக்குது. புதுசு எடுத்துக்க."

மறுநாள் காலை பட்டறைக்குப் பின்னாலிருந்த ரேணுகாம்பாளின் வீட்டுக்குப் போனாள் பொன்னி. கேட்பதற்கு முன்பே ரேணுகாம்பாளின் முகத்தில் பதில் இருந்தது.

"அதனாலதாம்மா வாரா வாரம் போட்டு வுடறேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "போடலன்னா இங்க வந்துடறாரு. ஜன்னல் கம்பியில தட்டறாரு. கொஞ்ச நேரம் ஓட வுட்டா அடங்கிப்போறாரு. நீயும் அப்படியே வுட்டுடேன். உனக்கு இன்னா கம்மியாவப் போவுது?"

"அவரு அடங்கல. நீங்கதான் அடங்கிட்டிருக்கீங்க."

"எனக்குப் பழகிடுச்சு."

"நேத்து என் தம்பி செத்திருப்பான்மா."

ரேணுகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னி எழுந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். கோபி வரவில்லை. வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். படிகளைப் பற்றவைக்கிற வேலை மட்டுமே மிச்சம். ஓர் ஆள் போதும்.

மதியத்துக்குமேல் வானம் கறுத்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தாள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் படி படியாகப் பற்றவைத்து ஏறினாள். அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். இன்று ஏனோ சுவிட்ச் எதிர்க்கவில்லை. வெண்ணெய்போல இறங்கியது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு படி மிச்சமிருந்தபோது இடி இடித்தது. பல்ப் அணைந்தது. பக்கத்து மாவு மில்லின் சத்தமும் நின்றது. ஊருக்கே கரன்ட் போய்விட்டது.

மழைச் சத்தம் மட்டும்.

அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

ம்ம்ம்ம்ம்.

பொன்னி தடவிக்கொண்டே சுவரருகே போனாள். கைப்பிடி கீழேதான் இருந்தது. போனை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப். ஊரில் கரன்ட் இல்லை. மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

டார்ச் வெளிச்சத்தை மெல்ல மரக் கட்டையின் பக்கம் திருப்பினாள்.

கட்டை காலியாக இருந்தது.

அடுத்த நொடி பட்டறை முழுவதும் நீல வெளிச்சம் வெடித்தது. அவள் கையால் கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளும் அது எரிந்தது. விரலிடுக்கில் பார்த்தாள். கடைசிப் படியின் ஓரத்தில் ராடின் முனை தானாக நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். வேலை தெரிந்த கை நகர்த்துகிற மாதிரி. கை இல்லை. ஹோல்டரின் கேபிள் அந்தரத்தில் தோளில் போட்டதுபோல வளைந்து தொங்கியது. வெளிச்சத்தில் அவள் நிழல் சுவரில் விழுந்தது.

அவள் நிழலுக்குப் பக்கத்தில் குள்ளமாக இன்னொன்று.

கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. ஓடலாம். ஷட்டர் பாதி திறந்துதான் இருந்தது.

அப்போதுதான் ஷட்டருக்குக் கீழே நனைந்த சேலை ஒன்று தெரிந்தது.

"பொன்னி? கரன்ட் இல்லாத நேரத்துல உள்ள இன்னாம்மா வெளிச்சம்?" ரேணுகாம்பாள் குனிந்து உள்ளே வந்தாள். வெறுங்கால். தண்ணீர் ஓடுகிற தரை. நீல வெளிச்சம் பட்டென்று நின்றது. திடீர் இருட்டில் அவள் தடுமாறி, எதையாவது பிடித்துக்கொள்ளக் கையை முன்னே நீட்டினாள். முன்னே படிக்கட்டின் சட்டம். அதன் மேல், சிவந்த ராடு முனையோடு, ஹோல்டர் கிடந்தது.

"அம்மா, கைய எடுங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே நில்லுங்க."

ரேணுகாம்பாளின் கை அந்தரத்தில் நின்றது.

பொன்னி புதுக் கையுறையை இழுத்து மாட்டினாள். நடந்துபோய் ஹோல்டரை எடுத்தாள். அது கனத்தது. ஓர் ஆள் அதன் மறுமுனையைப் பிடித்துத் தொங்குகிற கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வந்து மரக் கட்டையில் மாட்டினாள்.

டங்.

மறுபடியும் சட்டத்தின் மேல் கிடந்தது.

மறுபடியும் எடுத்தாள். மாட்டினாள்.

டங்.

"வெய்யுங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "நீங்க வெக்க வெக்க நான் எடுப்பேன். விடிய விடிய வெய்யுங்க. எனக்கு அவசரம் இல்ல. உங்களுக்குத்தான எப்பவும் அவசரம்."

'த்ச்.' காதுமடலில் சூடான மூச்சு பட்டது.

"உசுரோட இருந்தப்ப அதுக்குப் பயந்தேன். அப்ப சோறு உங்க கையில இருந்துச்சு. இப்ப உங்க கையே இல்லியே மொதலாளி."

டங். டங். டங். தகரக் கூரையிலும் தூணிலும் ஷட்டரிலும் ஒரே நேரத்தில் சுத்தியல் விழுந்தது. மேலேயிருந்து துரு உதிர்ந்தது. உறுமல் ஏறி ஏறி அவள் பல்லுக்குள் புகுந்தது. அவள் ஹோல்டரைக் கட்டையில் மாட்டி, இரண்டு கையாலும் அதை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் பிய்ந்துவிடும்போல இருந்தது. விடவில்லை.

"போதும்."

பொன்னி திரும்பிப் பார்த்தாள். ரேணுகாம்பாள்தான் பேசினாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நீட்டிய கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூலையைப் பார்த்து நின்றாள்.

"போதுங்க. அவ ஆஃப் பண்ணிட்டா. நானும் இனிமே போட மாட்டேன். ஜன்னல்ல தட்டுங்க, கதவுல தட்டுங்க. நான் படுத்துத் தூங்கப் போறேன்." அந்த வார்த்தையை முதல்முறையாக வாயில் போட்டுப் பார்ப்பதுபோலச் சொன்னாள். "ஆஃப் பண்ணுங்க."

சுத்தியல் நின்றது.

உறுமல் இறங்கியது. மனமில்லாமல், முனகிக்கொண்டே, படிப்படியாக. பிறகு மழை மட்டும் கேட்டது.

இரண்டு பெண்களும் கரன்ட் வரும்வரை அங்கேயே நின்றார்கள். பல்ப் எரிந்தது. மாவு மில் ஓடத் தொடங்கியது. மிஷின் சும்மா கிடந்தது. ரேணுகாம்பாள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "டீ போடறேன், வர்றியா?" என்று கேட்டாள்.

கடைசிப் படியைப் பொன்னி மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பக்கம் பற்றவைத்திருந்தது. நேர்த்தியான வேலை. ஒரு குறையும் இல்லை. கிரைண்டரை எடுத்து அதை மொத்தமாக அறுத்தெறிந்துவிட்டு, தானே புதிதாகப் பற்றவைத்தாள். முடித்ததும் சுவிட்சை இழுத்தாள். உறுமல் நின்றது. நின்றபடியே இருந்தது.

தீபத்துக்கு முன்பே படிக்கட்டை விடுதியில் மாட்டினார்கள். கோபியும் வந்து சட்டம் பிடித்தான். திருமலை தடியோடு கீழே நின்று, சாய்ந்திருக்கிறது, சாயவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

மார்கழியில் ஒருநாள் விடுதிக்காரி நந்தினி போன் செய்தாள். "பொன்னி, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? மேல் படி ஒண்ணு மட்டும் சூடா இருக்குதுன்னு தங்கறவங்க சொல்றாங்க. எலக்ட்ரீஷியன் பாத்துட்டான். கரன்ட் எதுவும் லீக் ஆவலையாம்."

பொன்னி போனாள். பனி இறங்கிய காலை. எல்லாப் படிகளிலும் பனித்துளி முத்து முத்தாக நின்றது. மேல் படி, பட்டறையில் கடைசியாகப் பற்றவைத்த அதே படி, மட்டும் காய்ந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். இப்போதுதான் பற்றவைத்து எழுந்துபோன இரும்பின் சூடு, ஆனால் கை தாங்குகிற அளவுக்கு.

அன்றே அந்தப் படியை அறுத்தெடுத்து, புதுத் தகடு வெட்டிப் பொருத்தினாள். பொருத்திய இடம் ஆறி முடிந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கருவிகளை எடுத்து வைத்தாள். திரும்பவும் தொட்டாள்.

சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னா பண்றது இப்போ?" என்றாள் நந்தினி, கீழேயிருந்து.

"ஒண்ணும் பண்ண வேணாம். இரும்பு நல்ல இரும்பு. சூடு மட்டும்தான், யாரையும் ஷாக் அடிக்காது." பொன்னி அந்தப் படியின் மேலேயே உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். "ஒரு டீ மட்டும் அனுப்புங்க. இங்கயே உக்காந்து குடிச்சுட்டுப் போறேன்."

டீ வந்தது. டம்ளரைத் தன் பக்கத்தில், அந்தப் படியின் மேல் வைத்தாள்.

அவள் குடிக்க எடுக்கும்வரை அது ஆறாமல் ஆவி பறந்துகொண்டே இருந்தது.